அறளையும் முதுமையும்

யாழ்ப்பாணப் பேச்சு வழக்கிலே "அறளை பெயர்தல்" என்றொரு தொடர் உண்டு. முதியவர் ஒருவர் சொன்னதையே மீண்டும் மீண்டும் சொன்னாலும், சாப்பிட்டுக் கைகழுவிய சிறிது நேரத்தில் தமக்கு இன்னும் சோறு போடவில்லை என்று முறையிட்டாலும், என்றோ இறந்துபோன தமையனைத் தேடிப் படலை வரை நடந்தாலும், வீட்டார் "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று கூறி அமைவர். கடுமையான தொடரென்று இதனைக் கூறமுடியாது. அதனுள்ளே ஒருவகைப் பரிவும் மன்னிப்பும் உண்டு. முதியவர் வேண்டுமென்று அவ்வாறு செய்யவில்லை, அவரது வயது செய்விக்கின்றது என்பதே அதன் உட்கருத்து. ஆயின் அதே தொடர் ஒரு விசாரணையைத் தொடங்குமுன்பே முடித்தும் வைக்கின்றது. வயதே காரணமெனின் மேற்கொண்டு ஆராய எதுவுமில்லை. வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டிய அவசியமுமில்லை.

உடல் தளர்தல் வேறு, உளம் மங்குதல் வேறு என்பதைப் பண்டைத் தமிழர் அறியாதிருந்தனரெனக் கூறமுடியாது. புறநானூற்றின் 243ஆம் பாட்டிலே தொடித்தலை விழுத்தண்டினார் காட்டும் முதியவர் கோலூன்றி நடப்பவர். இருமலாற் சொற்கள் தடைப்படுபவர். ஆயினும் இளமையில் மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிவந்த விளையாட்டைத் தெளிவாக நினைவுகூர்கின்றார். எனினும் பழைய நினைவு நிலைத்திருத்தல் ஒன்றே உளத்தெளிவுக்குப் போதிய சான்றாகாது. மறதிநோயின் தொடக்க நிலையிற் பெரும்பாலும் முதலில் அழிவது அண்மைக்கால நினைவே. 60 ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணத்தை விரித்துரைப்பவர் அன்று காலையில் வந்துபோன விருந்தினரை மறந்திருக்கக்கூடும். ஆகவே, அறிவு மங்குதலுக்கு வயது எவ்வளவு பொறுப்பு, நோய் எவ்வளவு பொறுப்பு என்னும் வினா எளிதில் விடைகாணத் தக்கதன்று. 90ஐயும் 100ஐயும் கடந்து வாழ்ந்தோரைப் பற்றிய ஆய்வுகளே இவ்வினாவிற்குத் தக்க ஒளியைத் தந்துள்ளன. வயது மட்டுமே காரணமாயின் அவர்களுள் ஒருவரேனும் தப்பியிருத்தல் இயலாது அன்றோ?

இவ்வினா மருத்துவ உலகிலே எழுந்த வரலாறு சுவையானது. 1901ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பிராங்போட் நகர மனநோய் மருத்துவமனையில் ஒகஸ்ற டேற்றர் என்னும் பெண்மணி அனுமதிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 51. நினைவிழப்பும் மொழித் தடுமாற்றமும் அவரைப் பீடித்திருந்தன. அவரைப் பரிசோதித்த அலோய்ஸ் அல்ஸைமர், 1906இல் அவர் இறந்தபின் அவரது மூளையை நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு ஆராய்ந்து, நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளும் கலங்களின் உள்ளே நார்ச் சிக்கல்களும் இருத்தலைக் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் ற்யூபிங்கன் நகரிற் கூடிய மருத்துவர் அவையில் இதனை எடுத்துரைத்தார். 1910இல் எமில் கிறேப்பலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரையே சூட்டினார்.

பெயர் சூட்டப்பட்டபோதே ஓர் எல்லைக்கோடும் இடப்பட்டுவிட்டது. முதல் நோயாளி நடுவயதினர் ஆதலின் அல்ஸைமர் நோய் முதுமைக்கு முன் வரும் அரிய நோயெனக் கருதப்பட்டது. 65 வயதைக் கடந்தோரிடம் அதே மறதி தோன்றின் அது முதுமையின் இயல்பென்று ஒதுக்கப்பட்டது. அறளை என்று கூறி அமையும் இல்லத்தாரின் மனப்பாங்கே மருத்துவ நூல்களிலும் அரைநூற்றாண்டுக்கு மேலாக நிலவிற்று எனலாம். 1968ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஆய்வு செய்த பிளெஸட், ரொம்லின்சன், றோத் என்னும் மூவர் மறதியுற்ற முதியோரின் மூளைகளிலும் அதே படிவுகள் உள்ளன என்பதையும், படிவுகளின் பெருக்கம் உயிருடன் இருந்தகாலை அவர்கள் காட்டிய தளர்ச்சியோடு தொடர்புடையது என்பதையும் நிறுவினர். 1976இல் அமெரிக்க நரம்பியல் வைத்தியர் றொபேட் கற்ஸ்மன், நடுவயதினருக்கு வருவதும் முதியோருக்கு வருவதும் ஒரே நோய்தான், வயதெல்லை பொருளற்றது என வாதிட்டார். அன்று முதல் முதுமறதி ஒரு நோயெனக் கொள்ளப்படலாயிற்று. ஆராய்ச்சிக்குப் பணமும் ஆளும் சேர்ந்தமைக்கு இம்மாற்றமே வழிவகுத்தது.

ஆயின் ஒரு தவறான எண்ணம் நீங்கிய இடத்தில் இன்னொன்று குடிபுகுந்தது. படிவும் சிக்கலும் இருந்தால் மறதி உண்டு, அவை இல்லையேல் மறதி இல்லை என்னும் நேரான கணக்கே அது. மிக முதியோர் இக்கணக்கையும் பிழைக்கச் செய்தனர்.

ஒல்லாந்து தேசத்தவரான ஹென்றிக்யே வன் அண்டெல் சிப்பர் அம்மையார் 1890ஆம் ஆண்டு குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர். 1972இல், தமது 82ஆம் வயதில், இறந்தபின் தம் உடலை ஆராய்ச்சிக்கு வழங்குவதாகப் பதிவு செய்திருந்தார். 111ஆம் வயதை எய்தியபோது, இத்துணை மூத்த உடல் எவருக்கேனும் பயன்படுமோ என ஐயுற்றுக் குறோனிங்கன் பல்கலைக்கழகத்தாரைத் தொலைபேசியில் அழைத்து வினவினார். ஆய்வாளர் வியப்புற்று, உயிருடன் இருக்கும்போதே அவரது உளத்திறனைச் சோதிக்க இசைவு கேட்டனர். 112ஆம், 113ஆம் வயதுகளில் நடைபெற்ற அச்சோதனைகளில் 60 முதல் 75 வயது வரையுள்ள நலமுடையோரின் சராசரியிலும் மேலாக அவர் விளங்கினார். கண்பார்வை மிகவும் குன்றியிருந்தது. 100ஆம் வயதில் மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் செய்துகொண்டவர். உடல்நலம் பழுதற்றிருந்தது எனக் கூறுவதற்கில்லை. 2005இல் 115ஆம் வயதில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். அவரது மூளையை ஆராய்ந்தோர் 2008இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மூளையிற் படிவுகள் ஏறக்குறைய இல்லை. நார்ச் சிக்கல்களும் சிலவே. குருதிக் குழாய்கள் தடித்து அடைபட்டமைக்கான அறிகுறியும் அரிது.

ஒருவர் ஒருவரே, அவரைக்கொண்டு உலகிற்கெல்லாம் விதி வகுத்தல் இயலாது. ஆயினும் அவரது மூளை ஒன்றை ஐயத்திற்கிடமின்றி உணர்த்திற்று. 115 ஆண்டுகள் கழிந்தமை மட்டும் மறதியை விளைவிப்பதில்லை. "எல்லாருக்கும் வந்தே தீரும்" என்னும் கூற்று அவ்வளவில் உடைந்து போகின்றது.

இதற்கு நேர்மாறான சான்றினை அமெரிக்காவின் கன்னியர் மடங்கள் தந்தன. 1986ஆம் ஆண்டிலே டேவிட் சினோடன் என்னும் ஆய்வாளர் நொத்தர்டாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த கன்னியரிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார். 75 வயதைக் கடந்த 678 சகோதரியர் ஆண்டுதோறும் சோதனைக்கு உட்படவும், இறந்தபின் தம் மூளையை வழங்கவும் உடன்பட்டனர். ஒரே வகை உணவு, ஒத்த வாழ்க்கைமுறை, மணமும் மகப்பேறும் இன்மை, மடத்தின் ஆவணக் காப்பு ஆகியன இவர்களை ஒப்பிடுதற்கு உகந்தோர் ஆக்கின. இவர்களுள் ஆய்வேடுகளிற் சகோதரி மேரி எனக் குறிக்கப்படுபவர் 101 வயது வரை வாழ்ந்தவர். நெடுங்காலம் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பும் சோதனைகளில் உயர்ந்த புள்ளிகளே பெற்றார். ஆயின் அவரது மூளையிலே அல்ஸைமர் நோய்க்குரிய படிவுகளும் சிக்கல்களும் ஏராளமாக இருந்தன. நோயின் சுவடு இருந்தது, நோயாளி இல்லை.

இவ்வாய்வின் இரண்டு பேறுகள் மனங்கொள்ளத்தக்கன. மடத்திற் சேர்ந்த புதிதில், ஏறக்குறைய 22 வயதில், சகோதரியர் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக் கொடுத்திருந்தனர். அக்குறிப்புகளில் வாக்கியத்துக்கு வாக்கியம் கருத்துகள் செறிந்திருந்தோரிடம் 60 ஆண்டுகளின் பின் அறிதிறன் தாழ்வு குறைவாகவே காணப்பட்டது என 1996இல் அறிவிக்கப்பட்டது. இளமையின் மொழிவளம் காப்பாயிற்றா, இளமையிலேயே நோயின் நிழல் எழுத்திற் படிந்திருந்ததா என்பதில் அறிஞர் ஒருமுகப்படவில்லை. மற்றையது 1997இல் வெளிவந்தது. அல்ஸைமர் நோய்க்குரிய மாற்றங்கள் சம அளவில் உள்ளோரிடையேயும், மூளையிற் குருதி தடைப்பட்டுச் சிறுபாகங்கள் பழுதுற்றோரே உயிருடன் இருக்கும்போது மறதிநோயை மிகுதியாகக் காட்டினர். ஒரு பழுதைத் தாங்கிநின்ற மூளை இரண்டாவது பழுதின் சுமையால் வீழ்கின்றது என்பதே இதன் பொருள். இரண்டாவது பழுதினைத் தடுத்தல் பல வேளைகளிற் கூடும். நடுவயதில் உயர் குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்தலும் புகையிலையைக் கைவிடலும் அவ்வகையின.

எனினும் இச்சான்றுகளைக் கொண்டு மிக முதியோரிடம் மறதிநோய் அரிதென மகிழ்தல் பெருந்தவறாகும். கலிபோர்ணியாவில் ஓய்வுபெற்றோர் குடியிருப்பொன்றில் வாழ்ந்தோரை அடிப்படையாகக் கொண்டு 2003இல் கிளோடியா கவாஸ் முதலியோர் 90 வயதைக் கடந்தோர் பற்றிய பேராய்வு ஒன்றைத் தொடங்கினர். மறதிநோய் இல்லாதிருந்தோருள் ஓராண்டில் எத்தனைபேர் புதிதாக அந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பதை 2010இல் வெளியிட்டனர். 90 முதல் 94 வயது வரையுள்ளோரிடம் ஆண்டுக்கு 12.7 சதவீதம்; 95 முதல் 99 வரை 21.2 சதவீதம், 100 வயதும் அதற்கு மேலும் 40.7 சதவீதம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இடர் ஏறக்குறைய இரட்டிக்கின்றது. 90ஐக் கடந்துவிட்டால் நோய் விட்டுவிடும் என்னும் நம்பிக்கைக்கு இவ்வெண்கள் இடந்தரவில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டிற்று. 90 வயதுக்கு மேல் மறதிநோயுற்று இறந்தோருள் ஏறக்குறைய அரைப்பங்கினரின் மூளையில் அம்மறதியை விளக்கப் போதிய அல்ஸைமர் மாற்றங்கள் இல்லை. சிறிய குருதித் தடைகள், பிற புரதங்களின் திரட்சி, நினைவுக்குரிய பகுதியின் சுருக்கம் எனப் பல பழுதுகள் ஒருங்கே கூடியே அங்கு வேலை செய்கின்றன. 80 வயதுக்கு மேற்பட்டோரிடம் அல்ஸைமர் நோயைப் போலவே தோன்றும் வேறொரு புரதக்கேட்டினை 2019இல் அறிஞர் தனிநோயாக வகுத்துப் பெயரிட்டனர். அல்ஸைமர்ப் படிவுகளை அகற்றும் லெக்கனமாப் போன்ற மருந்துகள் 2023 முதல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றுள்ளன. அவை நோயின் போக்கைச் சிறிதளவு தாமதப்படுத்துவனவேயன்றி இழந்த நினைவை மீட்பன அல்ல. பல பழுதுகள் பின்னிக்கிடக்கும் 95 வயது மூளைக்கு ஒரே பழுதைக் குறிவைக்கும் மருந்து எவ்வளவு பயன்படும் என்பது எண்ணிப் பார்க்கவேண்டியது.

நடுவயதுக்குரிய விதிகள் மிக முதியோருக்கு அப்படியே பொருந்துவதுமில்லை. நடுவயதில் உயர் குருதியமுக்கம் மூளைக்குக் கேடு. ஆயின் 80 வயதுக்குப் பின்னரே அமுக்கம் உயரத் தொடங்கியோரிடம் மறதிநோய் குறைந்து காணப்பட்டது எனக் கலிபோர்ணிய ஆய்வாளர் 2017இல் அறிவித்தனர். முதியவர் தாமாக மருந்தை நிறுத்துதற்கு இது நியாயம் ஆகாது. 50 வயதினருக்கு வகுத்த அளவுகோலால் 90 வயதினரை அளக்கும் வைத்தியர் ஒருகணம் தயங்கவேண்டும் என்பதற்கே இது சான்று.

டென்மார்க் நாட்டு ஆய்வு இப்புதிரின் வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றது. 1905இல் பிறந்து 1998இல் உயிருடன் இருந்தோரை அந்நாட்டு அறிஞர் தேடி, 2,262 பேரை நேரிற் கண்டு, பின்னும் பன்முறை சென்று சோதித்தனர். பிறர் உதவியின்றிச் சுயமாக இயங்கவல்லோர் 92-93 வயதில் 39 சதவீதம். 100 வயதில் 33 சதவீதம். ஏழெட்டு ஆண்டுகளில் இழப்பு இவ்வளவுதானா என வியக்கத் தோன்றும். உண்மையில் ஒவ்வொருவராக நோக்குமிடத்துப் பெரும்பாலோர் தளர்ந்தே வந்தனர். மிகத் தளர்ந்தோர் இடையில் இறந்துபட, எஞ்சியோரின் கூட்டம் முன்போலவே காட்சியளித்தது. தனிமனிதர் நலிகின்றனர், கூட்டம் நலியவில்லை. 100 வயதினரைக் கண்டு "எவ்வளவு திடமாக இருக்கின்றார்!" என வியப்போர் அவரோடு ஒத்த வயதினராய்ப் புறப்பட்டு வழியில் வீழ்ந்த பலரைக் காண்பதில்லை.

அந்நாட்டினரே 1915இல் பிறந்தோரை 2010இல், 95 வயதிற் சோதித்தனர். இவர்கள் முன்னைய கூட்டத்தாரை விட இரண்டு வயது மூத்தவராயிருந்தும் 30 புள்ளிச் சோதனையில் உயர்ந்து நின்றனர். 28க்கு மேல் எடுத்து ஏறக்குறைய முழுத்திறனைக் காட்டியோர் முன்னையோருள் 13 சதவீதம். பின்னையோருள் 23 சதவீதம். பத்தாண்டு இடைவெளியில் மனிதரின் பிறவி இயல்பு மாறியிருத்தல் இயலாது. மாறியது வாழ்க்கை: கல்வி, உணவு, மருத்துவம், உறையுள். முதுமையின் அறிவுத்திறன் விதியால் வரையறுக்கப்பட்டதன்று, ஒரு சமுதாயம் தன் மக்களைக் குழந்தைப் பருவம் முதல் நடத்தும் முறையாலும் வரையறுக்கப்படுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

மேற்குறித்த 30 புள்ளிச் சோதனையைப் பற்றியும் கூறுதல் வேண்டும். 1975இல் மார்ஷல் போல்ஸ்ரீன், சூசன் போல்ஸ்ரீன், போல் மக்கியூ ஆகிய மூவர் அமைத்த இச்சோதனை உலகெங்கும் வழங்குகின்றது. ஆண்டு, மாதம், திகதி யாவை, இருக்குமிடம் எது, மூன்று பொருள்களின் பெயரைக் கேட்டுச் சற்றுப் பின் திருப்பிச் சொல்க, ஒரு வாக்கியம் எழுதுக, ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைக என்றவாறு அது செல்கின்றது. பத்து நிமிடத்தில் முடியும் எளிமை அதன் சிறப்பு. ஆயின் கண்புரை மூடிய 95 வயதினர் ஐங்கோணத்தை எவ்வாறு காண்பர்? காது மந்தமானவர் மூன்று சொற்களையும் சரியாகக் கேட்டாரா என்பதை யார் அறிவார்? மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவரும் பாடசாலை வாயிலை மிதியாதவரும் வாக்கியம் எழுதாமை அறிவின் குறையாமோ? சித்திரை, வைகாசி என மாதத்தையும் அமாவாசை, பூரணை என நாளையும் எண்ணிப் பழகிய மூதாட்டி திகதி தெரியாது விழித்தல் மறதியன்று.

இக்குறையை உணர்ந்து செயற்பட்டோர் உளர். இந்தியாவின் ஹரியானா மாநிலத்திலே பல்லப்கார் கிராமத்து மக்களிடையே ஆய்வு நிகழ்த்தியோர், எழுத்தறிவு பெறாத முதியோருக்கு ஏற்ப இச்சோதனையை ஹிந்தியில் மாற்றியமைத்து 1995இல் வெளியிட்டனர். வாக்கியம் எழுதுக என்னும் இடத்தில், வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள் என்று கேட்டனர். கண்களை மூடுக என எழுதிக்காட்டிப் படிக்கச் செய்வதற்குப் பதிலாக, சோதிப்பவர் தம் கண்களை மூடிக் காட்டி அதுபோற் செய்யுமாறு கேட்டார். இலங்கையிலும் சிங்கள மொழிக்கேற்ப இச்சோதனை அமைக்கப்பட்டது. ராகமைப் பகுதியில் 65 வயதைக் கடந்தோரிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில் மறதிநோயுடையோர் ஏறக்குறைய 4 சதவீதம் எனக் கணிக்கப்பட்டது. அதாவது 65 வயதைத் தாண்டிய நூற்றுவருள் 96 பேருக்கு அந்நோய் இல்லை. எந்தச் சோதனையாயினும், கேட்கப்படும் மொழியும் கேட்பவரின் பொறுமையும் விடையின் பாதியாக அமைகின்றன.

இனி, அறளை என்னும் சொல்லின் பின்னே மறைந்துபோகும் பிணிகளை நோக்குதல் தகும். நேற்றுவரை தெளிவாயிருந்த முதியவர் இன்று மாலை இடம் தெரியாது பிதற்றி, இல்லாத ஆளைக் கண்டதாகக் கூறி, பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் விழித்திருப்பாராயின் அது மறதிநோயின் போக்கன்று. மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லப் படர்வது. மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் தோன்றி, நேரத்துக்கு நேரம் கூடிக் குறைவது சித்தக் கலக்கம் எனப்படும் வேறு நிலை. பல வேளைகளில் உயிருக்கே ஆபத்தின் முன்னறிவிப்பு. சிறுநீர்த் தொற்று, நியூமோனியா, உடலில் நீர் வற்றுதல், மலச்சிக்கல், இடுப்பெலும்பு முறிவு, புதிதாகக் கொடுத்த நித்திரைக் குளிசை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காரணமாயிருக்கலாம். மிக முதியோரிடம் நியூமோனியாகூடக் காய்ச்சலும் இருமலும் இன்றிக் குழப்பம் ஒன்றையே அறிகுறியாகக் காட்டி வருதல் உண்டு. காரணத்தைக் கண்டு நீக்கினால் தெளிவு பெரும்பாலும் திரும்பும். ஏற்கெனவே மறதிநோய் உள்ளவருக்கே சித்தக் கலக்கம் எளிதில் வருமாதலால், "அவருக்கு முன்பே அப்படித்தான்" என விட்டுவிடுதல் இரட்டைக் கேடாகும்.

குளியலறையில் வழுக்கி விழுந்து தலையிற் சிறிதாக அடிபட்டவர் சில வாரங்களின் பின் சோர்ந்து தடுமாறினால், மண்டையோட்டின் உள்ளே மெல்லக் கசிந்த குருதி மூளையை அழுத்துதல் கூடும். வயதால் மூளை சுருங்கியோருக்கு இது எளிதில் நேர்வது. சிறிய சத்திரசிகிச்சையால் நீங்கவும் கூடியது. தைரொயிட் சுரப்பியின் குறைவும், விற்றமின் பீ12 குறைவும், துணையை இழந்த முதியவரின் ஆழ்ந்த மனச்சோர்வும் மறதியின் வேடத்தைப் புனைந்து வருவனவே. செவிப்புலக் குறைவோ இன்னும் நுட்பமானது. கேளாதவர் பொருந்தாத விடை கூறுவார். வீட்டார் அதனை அறிவின் பிழையாகக் கொள்வர். நாளடைவில் அவரோடு பேசுவோர் குறைவர். பேச்சு குறையவே உண்மையில் அறிவும் மங்கும். தடுக்கத்தக்க 14 ஏதுக்களை எடுத்துக் கூறிய லான்செற் ஆணைக்குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, கல்விக் குறைவு, செவிப்புலக் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவற்றையும் அவற்றுள் அடக்கியது. உலகின் மறதிநோயில் 45 சதவீதம் இவ்வேதுக்களோடு தொடர்புடையது என்பது அதன் கணிப்பு.

நியூகாசில் நகரிலே 1921இற் பிறந்தோரை 2006 முதல் ஆராய்ந்தோர் கண்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆராய்ந்த 18 நோய்களில் ஒன்றேனும் இல்லாதவர் அந்த 85 வயதினருள் ஒருவருமில்லை. ஆயினும் தம் வயதினரோடு ஒப்பிடத் தமது உடல்நலம் நன்று என்றோ மிக நன்று என்றோ கூறியோர் ஏறக்குறைய 78 சதவீதத்தினர். மிக முதியோருக்கு நலம் என்பது நோயின்மை ஆகாது. நோய்களோடும் தாம் விரும்பியதைச் செய்யவல்ல நிலையே நலம். இக்கணிப்பை அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும். ஆயின் நடைமுறையில் நிகழ்வது யாது? மருத்துவச் சாலையில் வைத்தியர் உடன்வந்த மகளிடமோ பேரனிடமோ "ஐயாவுக்கு என்ன செய்கிறது?" என வினவுவார். ஐயா அருகிலேயே அமர்ந்திருப்பார். பிள்ளைகள் கடல்கடந்து சென்றுவிட்ட இல்லங்களிலோ நிலை வேறு. தொலைபேசியிற் கேட்கும் நலவிசாரிப்புக்கு நாற்பது ஆண்டுப் பழக்கத்தால் வரும் மறுமொழி பிழையின்றி வரும். அடுப்பிற் கருகிய சட்டி தொலைபேசியிற் தெரிவதில்லை.

முதுமைக்கு மதிப்பளிப்பதாக எண்ணி மக்கள் செய்யும் இன்னொரு தவறும் உண்டு. நூறாவது பிறந்தநாளிற் கண்ணாடியின்றிப் பத்திரிகை வாசிக்கும் முதியவரின் படம் செய்தித்தாள்களில் வெளிவரும். அவரது மரக்கறி உணவும் அதிகாலை எழும் வழக்கமும் இரகசியமாகப் பேசப்படும். போற்றுதல் தவறன்று. ஆயின் தெளிவாயிருத்தல் ஒழுக்கத்தின் பரிசெனின் மறதியுற்றிருத்தல் ஒழுக்கக் குறைவின் தண்டனை ஆகிவிடும். கன்னியர் மடத்திலே ஒரே மேசையில் உண்டு, ஒரே மணியோசைக்கு எழுந்து, ஒரே செபத்தைச் சொன்ன சகோதரியருள் ஒருவர் 101 வயது வரை தெளிவோடிருந்தார். இன்னொருவர் தம் பெயரையும் மறந்தார். முயற்சிக்கு உட்பட்டது சிறிதளவு, உட்படாதது பெரிதளவு. ஆகவே அறிவு நிலைத்திருப்பவருக்கு ஒரு மதிப்பும் அது நீங்கியவருக்கு இன்னொரு மதிப்பும் அளத்தல் நீதியாகாது. 30 புள்ளிகளில் எட்டே பெறுபவரும் வலியை உணர்பவர்; வலியைச் சொல்லத் தெரியாமையால் கூடுதலாகத் துன்புறுபவர். அவரது முனகலும் உணவை மறுத்தலும் பிடிவாதமெனக் கருதப்படுமுன், பல்வலியோ மூட்டுவலியோ உண்டா எனத் தேடுதல் வேண்டும்.

மறந்துவிடுபவரிடம் அன்பு காட்டி என்ன பயன் என்னும் ஐயம் பணிவிடை செய்து களைத்தோரின் மனத்தில் எழுவது இயல்பே. காலையிற் குளிப்பாட்டி உணவூட்டிய மகளை மாலையில் "நீ யார்?" என வினவும் தாயின் முன்னால் அவ்வையம் எழாதிருத்தல் அரிது. இதற்கு அயோவா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு விடை தருகின்றது. அல்ஸைமர் நோயுற்ற 17 பேருக்குத் துயரமூட்டும் படத் துண்டுகளும், வேறொரு வேளையில் மகிழ்வூட்டும் படத் துண்டுகளும் காட்டப்பட்டன. சில நிமிடங்களிற் கண்டது யாதென அவர்களுள் பலருக்கு ஏறக்குறைய எதுவுமே நினைவில்லை. ஆயின் அப்படங்கள் விளைத்த துயரும் மகிழ்வும் நினைவு போனபின்னும் அவர்களிடம் நின்றன. காரணம் தெரியாத துயர். காரணம் தெரியாத மகிழ்ச்சி. அதட்டியவரின் முகம் மறந்துபோக அதட்டலின் நடுக்கம் எஞ்சுகின்றது. தலைவாரிவிட்ட கை யாருடையதென்பது மறந்துபோக அக்கையின் இதம் எஞ்சுகின்றது.

இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 60 வயதைக் கடந்தோர் மக்களில் 12.4 சதவீதத்தினர். மிக முதியோரைத் தன் வீட்டிற் கொண்டிராத குடும்பம் அரிதாகும் காலம் தொலைவில் இல்லை. அன்று "அறளை" என்னும் சொல் வழக்கில் இருந்தே தீரும், இருத்தலிலும் தவறில்லை. அச்சொல்லைச் சொல்லுமுன் அவருக்குக் காய்ச்சல் உண்டா, காது கேட்கின்றதா, எப்போது விழுந்தார், என்ன குளிசை புதிதாகக் கொடுத்தார்கள், எவரையேனும் இழந்தாரா என்ற ஐந்து வினாக்களைக் கேட்கும் வழக்கம் வீடுகளிலும் மருத்துவச் சாலைகளிலும் ஏற்படுமாயின் பல முதியோர் தம் இறுதி ஆண்டுகளைத் தெளிவோடு கழிப்பர். இவ்வைந்துக்கும் இல்லை என்பதே விடையாகி, மறதி மறதிநோயாகவே எஞ்சுமிடத்து, நான்காம் முறை கேட்ட அதே கேள்விக்கு முதன்முறை கேட்டதுபோல் விடை கூறுதலே செய்யத்தக்கது.